ஒரு அண்டா ராஜதந்திரம்

இரண்டு நாடுகள் மீன்பிடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மேஜையில் பேனா இருந்தது, பூங்கொத்து இருந்தது, காம்பியா கொடியும் செனகல் கொடியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சோறு மட்டும் காணாமல் போயிருந்தது.

கிண்ணத்துச் சோறு இல்லை. ஒரு முழு அண்டா. விருந்துக்காகச் சமைத்த பெனாச்சின், மீனும் காய்கறியும் மூடியும் சேர்த்து, பக்காவ் கடற்கரை விருந்தினர் மாளிகையின் சமையல்கட்டிலிருந்து மாயமாகிவிட்டது.

"வெறும் வயித்தோட கையெழுத்துப் போட்டா அதுக்குப் பேர் ஒப்பந்தம் இல்ல, அபராதம்!" என்று செனகல் குழுவின் தலைவி மதாம் அரம் இன்ஜாய் நாற்காலியில் சாய்ந்துகொண்டாராம். "தேடுங்க. போலீஸ் வேண்டாம், பத்திரிகைக்குத் தெரிஞ்சிடும். வேற ஆளை வச்சுத் தேடுங்க."

அந்த வேற ஆள்தான் நாங்கள். துப்பறியும் யாசின் ஜோப், அவருடைய உதவியாளன் அப்லி இன்ஜாய். அப்லி நான்.

பெயரைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். இன்ஜாய் குலத்துக்கும் ஜோப் குலத்துக்கும் கேலி முறை. மாமன் மச்சான் கேலி மாதிரிதான், ஆனால் ஊர் ஊராக, நாடு தாண்டி, குலம் முழுக்க. ஒரு ஜோப்பைப் பார்த்தால் இன்ஜாய் 'சோத்துத் திருடா' என்று சொல்லியே ஆக வேண்டும். ஜோப் பதிலுக்கு எங்களை 'எங்க வீட்டு அடிமை' என்பார். கோபப்படக் கூடாது. சொல்லாமல் போனால்தான் மரியாதைக் குறைவு. ஆகவே நான் தினமும் காலையில் முதலாளியைத் திட்டிவிட்டு, மாதக் கடைசியில் சம்பளமும் வாங்குகிறேன். இப்படி ஒரு வேலை வேறு எவனுக்கு வாய்க்கும்?

"அக்கா, சோறு காணோம்னு ஒரு ஜோப்பைக் கூப்பிட்டிருக்காங்க. பூனையைக் கூப்பிட்டு மீன் எங்கன்னு கேக்குற மாதிரி" என்றேன், டாக்சியை விட்டு இறங்கும்போதே.

"அடிமைக்கு இன்னைக்கு வாய் நீளம். வாடா உள்ள."

வாசலில் எங்களை வரவேற்றவர் விழா ஏற்பாட்டு அதிகாரி டோடு ஜோப். இளமையில் மல்யுத்தம் செய்தவர். கறுப்புக் கோட்டுக்குள் தோள் அடங்காமல் திமிறியது. வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை பிழிகிற பதத்தில் இருந்தது.

"வாம்மா யாசின், நீ நம்ம வீட்டுப் பொண்ணு. அதான் உன்னையே கூப்பிட்டேன்" என்றார். "பெருசா ஒண்ணும் தோண்ட வேண்டாம். சமையல்காரி ரோஹிதான் வித்துட்டா. அவ தங்கச்சி மகன் மார்க்கெட்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கான். ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சிருக்கேன். சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள நீ 'ஆமா'ன்னு சொல்லிட்டா, சத்தமில்லாம ஸ்டேஷனுக்கு அனுப்பிடலாம். மதாமுக்கும் திருப்தி, கையெழுத்தும் ஆயிடும்."

"கண்டுபிடிச்சு முடிச்சிட்டீங்களே, அப்புறம் நான் எதுக்கு?"

"ஒரு மரியாதைக்கு!"

கூடத்தில் எட்டிப் பார்த்தேன். செனகல்காரர்கள் வொன்ஜோ சாற்றை நாலாவது சுற்றாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் பாலம் போடவந்த மொழிபெயர்ப்பாளர் மூலையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பாவம், இரண்டு தரப்பும் வோலோஃபிலேயே பேசி, வோலோஃபிலேயே சண்டை போட்டால் அவருக்கு என்ன வேலை? மேஜைக்குப் பக்கத்தில் செனகல் தரப்புப் பரிசு, ரிப்பன் கட்டிய பெரிய பெட்டி. அதன் அடியில் தரை ஈரமாக இருந்தது.

என்னைக் கண்டதும் மதாம் கை தூக்கினார். அவருடைய இன்ஜாயைப் பிரெஞ்சுக்காரன் ஒரு விதமாக எழுதினான், என்னுடையதை ஆங்கிலேயன் வேறு விதமாக எழுதினான். வாயால் சொன்னால் ஒரே குலம்.

"தம்பி, நீ இன்ஜாயாமே! அந்தப் பொம்பளை ஜோப்பாமே! சோறு கிடைச்சதும் முதல்ல அவ கையைக் கட்டு!"

"கட்டிட்டுத்தான் மதாம் தேடவே விடுவேன்!"

கூடமே சிரித்தது. டோடு ஜோப் மட்டும் கைக்குட்டையைப் பிழிந்தார்.

*

ரோஹி செசே ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்துவிட்டு அடுத்த அழுகைக்கு மூச்சு வாங்குகிற முகம்.

"இந்தக் கையால எத்தனை கல்யாணம், எத்தனை பெயர் வைப்பு! ஒரு பருக்கை வித்திருப்பேனா? திருடின்னு பேர் வந்துட்டா நாளைக்கு எவ வீட்டு அடுப்புல என்னை விடுவா?"

யாசின் அக்கா பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். "நடந்ததைச் சொல்லுங்கம்மா."

"மத்தியான லுஹர் தொழுகைக்குப் போனேன். வந்து பார்த்தா அடுப்புதான் இருக்கு. மேல ஒண்ணும் இல்ல."

"அதுக்கு முன்னாடி சமையல்கட்டுக்கு யாரு வந்தா?"

"யாரு வரலை? டிரைவர் வந்தான், தோட்டக்காரன் வந்தான், அந்த மொழிபெயர்ப்பாளர்கூட வந்தாரு. எல்லாரும் ஒரு வாய் ருசி பார்த்தாங்க. டோடு ஐயாவும் வந்தாரு, வெள்ளை ஹஃப்தான் அங்கி போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி. மூடியைத் திறந்து பார்த்தாரு. 'அல்லாஹு அக்பர்'னாரு. போயிட்டாரு."

"ருசி பார்க்காமலா?"

"பார்க்காமதான்."

"ஒரு ஜோப் மூடியைத் திறந்துட்டு ருசி பார்க்காம போனானா?" என்றேன் நான். "அக்கா, இது உலக அதிசயம். முதல்ல இதை விசாரிக்கணும்."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாயாலேயே வழக்கை முடித்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை.

"என்ன மீன் போட்டீங்க?"

ரோஹியின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. "கலவா! என் பேரன் உயரம் இருக்கும். 'ரெண்டு நாட்டுக்கும் மரியாதையா இருக்கற மீனாப் போடு'ன்னு டோடு ஐயா சொன்னாரு. கலவாவை விட மரியாதையான மீன் கடல்ல ஏது?"

*

பின்வாசலில் காவலாளி நின்றான். ஒல்லியான ஆள். சட்டைக்கை விரல்களைத் தாண்டித் தொங்கியது. மார்பில் தைத்திருந்த பெயரைப் படித்ததும் எனக்கு உற்சாகம் பொங்கியது. இன்ஜாய்.

"அட, நம்ம ஆளு!" என்று தோளில் தட்டினேன். "இவங்க யாரு தெரியுமா? யாசின் ஜோப். இப்பச் சொல்லு. அண்டாவை யாரு தூக்கிட்டுப் போனா?"

அவன் அக்காவைப் பார்த்தான். "ஜோப்" என்றான்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்ன ஒரு வேகம்! என் அப்பாவுக்குக்கூட இவ்வளவு சுருக்காக வராது.

"அடேய் அடிமை," என்றார் அக்கா, முறைப்படி. "உங்க தாத்தா எங்க வீட்ல ஆட்டுக்குத் தழை போட்டவரு, ஞாபகம் இருக்கட்டும்."

காவலாளி மலங்க மலங்க விழித்தான். "இல்லம்மா... நிஜமா ஜோப்தான். கட்டிப்பிடிச்சுத் தூக்கிட்டுப் போனாரு."

"கட்டிப்பிடிச்சு!" என்று நான் சுவரில் சாய்ந்தேன். "அக்கா, சோத்தைக் கண்டா உங்க ஆளுங்க அப்படித்தான், பொண்டாட்டியைக் கூட அப்படிக் கட்டிப்பிடிக்க மாட்டாங்க!"

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றான் அவன், அழாத குறையாக. "எல்லாரும் சிரிக்கிறாங்க."

நாங்களும் சிரித்துக்கொண்டே நகர்ந்தோம். துப்பறிகிறவர்களாம் நாங்கள்! இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

*

சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. முரசு சத்தத்தை மீறிச் சோற்று மணம் வந்தது. அக்காவின் கண் சுருங்கியது.

"சந்தேகப்படற மாதிரி ஒரு மணம்."

"பசிக்கிற மாதிரி ஒரு மணம்னு சொல்லுங்க."

உள்ளே போனதும் எங்களை உட்கார வைத்து, பெரிய தட்டை நடுவில் வைத்துவிட்டார்கள். விருந்தாளி யார் என்று கேட்பது எங்கள் ஊரில் வழக்கம் இல்லை. அக்கா ஒரு உருண்டை பிடித்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"ஆட்டுக்கறி. கலவா இல்ல. இது அந்த அண்டா இல்ல."

"முதல் உருண்டையிலயே தெரிஞ்சு போச்சே, அக்கா. இது ஏழாவது."

"சந்தேகம் முழுசா தீரணும்டா."

திரும்பி வந்தபோது பின்வாசலில் ஒரே கூச்சல். பனியன் மட்டும் போட்ட ஒரு பருமனான ஆள், எங்கள் காவலாளியின் காலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய் கெபா சன்யாங், கழட்டுடா என் சட்டையை! ஒரு நாள் மாத்தி நில்லுன்னு சொன்னா, சட்டையோட குடித்தனம் நடத்துவியா?" அக்காவைப் பார்த்ததும் நிறுத்தினான். "நீங்க யாரும்மா?"

"யாசின் ஜோப்."

"ஜோப்பா?" காலரை விட்டுவிட்டு, மூச்சுகூட வாங்காமல் ஆரம்பித்தான். "அதானே பார்த்தேன்! வாயோரத்துல சோறு ஒட்டியிருக்கு! எந்த வீட்ல திருடினது?"

அசல் இன்ஜாய்.

அக்கா பதிலுக்குத் திட்டவில்லை. முறையை மீறி அவர் சும்மா நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அப்லி," என்றார் மெதுவாக. "சன்யாங்குன்னா என்ன ஆளுங்க?"

"ஜோலா ஆளுங்க."

"அவங்க யாரோட கேலி பேசுவாங்க?"

"செரேர் ஆளுங்களோட. ஃபாய், சார், ஜூஃப்..."

"ஜோப்போட?"

"அதெப்படி? அவங்களுக்கு அந்த முறையே கிடை..." வாய் பாதியில் நின்றது. "அப்ப அவன் உங்களைக் கேலி பண்ணலையா?"

"உன் சட்டையைப் போட்டுக்கிட்டு அவன் உன் குலமாயிட்டான்" என்று அசல் இன்ஜாயிடம் சொன்னார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "மத்தியானத்துலருந்து இந்தப் பையன் சாட்சி சொல்லிட்டிருக்கான். நாம சிரிச்சிட்டிருக்கோம்."

கெபா சன்யாங் தொங்குகிற சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் கறுப்புக் காருக்குப் பக்கத்துலதான் பார்த்தேன்மா" என்றான்.

*

கறுப்புக் கார் வேப்பமர நிழலில் நின்றது, முன்னால் இரண்டு குட்டிக் கொடிகளோடு. கொளுத்தும் வெயிலில் காருக்குள் சுராய் புகைந்துகொண்டிருந்தது. ராத்திரி படுக்கையறைக்குப் போடுகிற சாம்பிராணி. பட்டப்பகலில், ஆள் இல்லாத காரில், எந்தப் புருஷனுக்காக?

"எதையோ மறைக்கிற வாசனை" என்றார் அக்கா.

டிக்கி பூட்டவில்லை. உள்ளே விழாவுக்கான உபரிக் கொடிகள் மடித்து அடுக்கியிருந்தன. அவற்றை விலக்கினால் வெள்ளை ஹஃப்தான், மார்பில் வட்டமாகக் கரி. அதை விலக்கினால் அண்டா. இரண்டு நாட்டுக் கொடியின் கீழ் ஒற்றுமையாகப் படுத்திருந்தது.

"யாசின்!"

பின்னால் டோடு ஜோப். கைக்குட்டைகூட இல்லை, வியர்வை தாராளமாக ஓடியது.

"மூடியைத் திறந்து பாரு, நான் ஏன் எடுத்தேன்னு புரியும்" என்றார்.

திறந்தோம். சோற்றின் நடுவிலிருந்து கலவா எங்களைப் பார்த்தது.

"ஒப்பந்தத்தோட முதல் ஷரத்து என்ன தெரியுமா? முட்டை போடற இந்த மாசங்கள்ல ரெண்டு நாட்டு ஆளுங்களும் கலவாவைத் தொடக் கூடாது. எழுதினதே நான்தான்! 'எங்க மக்கள் இப்பவே அதைச் சாப்பிடறதை விட்டுட்டாங்க'ன்னு வரவேற்புரையில வேற எழுதி வச்சிருக்கேன். அதைப் படிச்சிட்டு மதாமுக்கு முன்னாடி இதை வைக்கச் சொல்றியா? கொட்டவும் மனசு வரலை. சோறாச்சே."

"ரோஹியைத் திருடியாக்க மட்டும் மனசு வந்துச்சா?"

அவர் தலை குனிந்தது. "ரெண்டு நாள்ல வெளிய விட்டிருப்பேன். யாசின், யோசிச்சுப் பாரு. நீயும் ஜோப். இது வெளிய வந்தா? ஜோப் ஒருத்தன் சோத்தைத் திருடினான்! நிஜமாவே! அதுவும் சபையில, இன்ஜாய்களுக்கு முன்னாடி! நம்ம பேரப்பிள்ளைங்க தலை நிமிர முடியுமா? அந்தப் பொம்பளை ஒரு சமையல்காரி. இது நம்ம குலம்."

அக்காவின் அப்பாவும் தாத்தாவும் அவர்களுடைய தாத்தாக்களும் இந்த ஒரு பழியைச் சிரித்துச் சிரித்தே தட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அது பொய் என்பதால்தான் சிரிக்க முடிந்தது. இப்போது ஒரு வார்த்தையில் அதை உண்மையாக்கப் போவது ஒரு ஜோப் பெண். என்னைப் பார்த்தார். கேலி செய்ய எனக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் சத்தியமாக என் நாக்கு எழவில்லை.

ஸ்டோர் ரூம் பக்கமிருந்து விசும்பல் கேட்டது.

"அப்லி, ஒரு பக்கம் பிடி" என்றார் அக்கா. "சூடு ஆறிடும்."

*

அண்டாவை இரண்டு நாட்டு மேஜைக்கு நடுவில் வைத்தோம். ரோஹியை அக்கா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"சோறு கிடைச்சிடுச்சு. இந்த அம்மா விக்கலை, எடுக்கவும் இல்ல." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "எடுத்தது ஜோப்."

கூடம் இடிந்துவிடும் போல் சிரித்தது. மதாம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் கடலையை விழுங்கி விக்கினார்.

"சிரிக்காதீங்க!" அக்காவின் குரல் உடைந்தது. "நிஜமா ஜோப். டோடு ஜோப். நானும் ஜோப், நானே சொல்றேன்."

கரி படிந்த ஹஃப்தானை மேஜைமேல் விரித்தார். சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. டோடு ஜோப் முன்னால் வந்து, மீன் கதையைத் தானே சொன்னார். மூடியையும் தானே திறந்தார்.

மதாம் அரம் இன்ஜாய் கலவாவை வெகுநேரம் பார்த்தார். முகம் கல்லாக இருந்தது. போச்சு, ஒப்பந்தம் கடலில் என்று நினைத்தேன்.

அப்போது அக்கா சாதாரணமாகக் கேட்டார். "மதாம், உங்க பரிசுப் பெட்டிக்கு ஏன் இப்படி வியர்க்குது?"

மதாமுக்குப் பக்கத்திலிருந்த செயலாளர் மெதுவாகக் காலால் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"ஐஸ் உருகுது" என்றார் அக்கா. "இன்னும் கொஞ்ச நேரத்துல வாசனையும் வரும். என்ன மீன்?"

மதாம் பெருமூச்சு விட்டார். "கலவா. எங்க ம்பூர் துறைமுகத்துலருந்து. 'மரியாதையான மீனா எடுத்து வைங்க'ன்னு சொன்னேன். வழியிலதான் முதல் ஷரத்து ஞாபகம் வந்துச்சு. எங்க தூக்கிப் போடறதுன்னு காலையிலருந்து யோசிச்சிட்டிருக்கேன். நீங்க பெட்டியைத் திறக்கச் சொல்லிடுவீங்களோன்னுதான் சோத்தைத் தேடச் சொல்லி நேரத்தைக் கடத்தினேன்."

இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை.

இரு தரப்பும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு, ஒப்பந்தத்தில் 'இன்று முதல்' என்பதை அடித்து 'நாளை முதல்' என்று திருத்தியது. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு மொழியிலும் எழுதி, அன்றைய சம்பளத்தை நியாயமாக்கினார். பிறகு எல்லோரும் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தோம். இதற்குப் பெயர் பெனாச்சினா, செனகல்காரர்கள் சொல்கிற மாதிரி செபு ஜென்னா என்ற சண்டையைக்கூட யாரும் கிளப்பவில்லை. வாய் நிறையச் சோறு.

டோடு ஜோப் மட்டும் உட்காரவில்லை. ரோஹிக்கு முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "தப்பு என்னுடையது. என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார். பிறகு மதாம் பக்கம் குனிந்தார்.

"மதாம்... இதை டாக்கார்ல போய்ச் சொல்லிடாதீங்க."

"சொல்லாமலா? இறங்கின உடனே சொல்வேன்! 'ஜோப் ஒருத்தன் ஒரு அண்டா சோத்தை அப்படியே கட்டிப்பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிட்டான்'னு வீடு வீடாச் சொல்வேன்." மதாம் ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "இன்ஜாய் வாயால சொல்றேனே, எவன் நம்புவான்? எல்லாரும் சிரிப்பாங்க. உன் ரகசியத்தை இதைவிடப் பத்திரமா எங்க வைக்கிறது?"

டோடு ஜோப்பின் முகத்தில் உயிர் வந்தது. அவரும் சிரித்தார். ரோஹி சிரிக்கவில்லை. காலி அண்டாவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். தேங்காய் நாரையும் கொடுத்தார்.

"நான் நம்புறேன்யா," என்றார். "அடியில பிடிச்சிருக்கு. நல்லா ஊற வச்சுத் தேய்ங்க."

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பேனாவோடு மதாம், பின்னால் இரண்டு நாட்டு அதிகாரிகளும் வரிசையாக, ஓரத்தில் கடலையோடு மொழிபெயர்ப்பாளர். விழா ஏற்பாட்டு அதிகாரியை மட்டும் படத்தில் காணோம். வேறு அவசர அலுவல் காரணமாக வரவில்லை என்று கீழே போட்டிருந்தார்கள்.